சாட்சி சாருக்குத் தேதி கிடையாது

தொண்ணூறுகளின் கடைசியில் அரியலூர்–பெரம்பலூர் ரோட்டில் ஓடிய பஸ்களிலேயே அதிகமாகச் சிரித்த பஸ் எங்கள் காலை பஸ்தான். அடித்துச் சொல்வேன். முழுப் பொறுப்பும் சாட்சி சாருடையது.

பெரம்பலூரில் நான் வேலை பார்த்த ஆபீஸில் எனக்கு அடுத்த மேஜை அவருக்கு. பார்த்தால் சிரிக்கிற ஆள் என்று சத்தியமாகச் சொல்ல மாட்டீர்கள். பையில் எந்நேரமும் ஒரு புத்தகம் இருக்கும். எல்லாம் பாதிரியார்களும் கன்னியாஸ்திரீகளும் தங்கள் பக்தி வாழ்க்கையைப் பற்றித் தாங்களே எழுதியவை. கிறிஸ்தவர்கள் அப்படித் தங்கள் கதையைச் சொல்வதைச் சாட்சி என்பார்கள். மனுஷனுக்கும் அதுவே பேராகிவிட்டது.

இதில் என்ன சிரிப்பு என்கிறீர்களா? எல்லாச் சாட்சியையும் அவர் ஏற்றுக்கொள்ள மாட்டார். எழுதினவர் தன் அசட்டுத்தனத்தை எங்கேயாவது ஒத்துக்கொள்கிறாரா என்று பார்ப்பார். இல்லையென்றால் புத்தகத்தை மூடிவிடுவார்.

"பாதி புஸ்தகம் முடிஞ்சுது சார். இந்த மனுஷனுக்கு இன்னும் ஒரு தடவகூட கோவம் வரல. பொண்டாட்டி புள்ளைங்க இருக்குன்னு வேற எழுதியிருக்காரு. எப்படி சார் நம்புறது?"

நம்பிவிட்டாரோ, போச்சு. தோள் குலுங்க ஆரம்பித்துவிடும். முன் சீட்டுக்காரர் திரும்பி, "என்னன்னு சொல்லிட்டுச் சிரிங்க சார்" என்பார். சார் இங்கிலீஷ் பக்கத்தை அப்படியே நம்ம பேச்சில் அவிழ்த்து விடுவார்.

வெளிநாட்டு மிஷனரி ஒருவர் கட்டில் ஓரமாக முட்டி போட்டு ஜெபிக்க ஆரம்பித்து, அப்படியே தூங்கிப் போனாராம். விடிந்ததும் எட்டிப் பார்த்த சமையல்காரர், ஐயா ராத்திரி பூராவும் ஜெபத்தில் இருந்தார் என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டார். ஜனம் ஆசீர்வாதம் வாங்கக் கூட்டம் கூட்டமாக வந்தது. இவரும் வாயைத் திறக்கவில்லை. அந்தப் பெருமை ருசியாக இருந்ததென்று வயசான பிறகுதான் எழுதியிருக்கிறார்.

சுண்ணாம்புக்கல் லாரிக்குப் பின்னால் பஸ் ஊர்ந்தாலும் யாரும் முணுமுணுத்ததில்லை. டிக்கெட் கிழிப்பதை நிறுத்திவிட்டுக் கண்டக்டரே கேட்பார், "அந்தத் தூங்குமூஞ்சிச் சாமியாரு அப்பறம் என்னங்க ஆனாரு?" விபூதியும் குங்குமமும் நிறைந்த பஸ், ஒரு பாதிரியாரின் முட்டி வலிக்கு உச்சுக் கொட்டியது.

ஆனால் இந்தப் புத்தகங்கள் அவர் வீட்டுக்குள்ளேயே வினை வைக்கும் என்று நாங்கள் நினைக்கவில்லை.

மகள் பிரிசில்லாவுக்கு ஜெயங்கொண்டத்திலிருந்து வரன் வந்தது. பையன் டேனியல், சிமெண்ட் பேக்டரி லேபில் வேலை. அப்பா ஜெபவீடு நடத்துகிற பாஸ்டர். போட்டோவைப் பார்த்ததுமே பிரிசில்லாவுக்குப் பிடித்துப் போயிற்று. ஒரே ஒரு சிக்கல். சம்பந்தம் பேசும்போது, பெண்ணின் அப்பா எந்தத் தேதியில் ரட்சிக்கப்பட்டார் என்று அந்தச் சபையில் கேட்பார்களாம். அதாவது, மனம் திரும்பி இயேசுவை ஏற்றுக்கொண்ட நாள். பிறந்த தேதி மாதிரி அதையும் டக்கென்று சொல்ல வேண்டும். சாருக்கு அப்படி எதுவும் கிடையாது.

"ஏதாவது ஒரு தேதிய அடிச்சு விடுங்க சார். மார்ச் பதினேழுன்னு வச்சுக்குங்களேன். யாரு காலண்டரப் பெரட்டப் போறா?" என்றேன். அவர் வீட்டம்மாவும் கெஞ்சினார். சரி என்று தலையாட்டினார்.

பெண் பார்க்க வந்த அன்று, பேச்சுத் துணைக்கு என்னையும் உட்கார வைத்திருந்தார்கள். மகனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, காபி குடித்துக்கொண்டே பாஸ்டர் கனிவாகக் கேட்டார்.

"ஐயா எப்ப ரட்சிக்கப்பட்டீங்க?"

சார் என்னைப் பார்த்தார்.

"மார்ச் பதினேழுன்னு சொல்லச் சொல்லி இவருதாங்க சொல்லிக் குடுத்தாரு" என்று என்னைக் கைகாட்டினார். "வாய் வரைக்கும் வந்துடுச்சு. ஆனா உங்க வூட்டுக்குப் பொண்ணக் குடுக்கறப்ப பொய் சொல்லக் கூடாதுங்க. எனக்குத் தேதி கிடையாது. பல நாள் நம்புறேன். சில நாள் சாயங்காலம் பஸ்ஸ விட்டு எறங்குறப்ப, ஒன்னுமே இல்லாத மாதிரி இருக்கு. மறுநா காலையில எப்படியோ மறுபடியும் நம்பிக்கை வந்துடுது. எப்ப ஆரம்பிச்சதுன்னு எனக்கே தெரியலீங்க."

பாஸ்டர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார். "ஜெபிச்சுட்டுச் சொல்றோம்." நம்ம பக்கம் ஜாதகம் பொருந்தவில்லை என்போமே, அதுதான் இது.

பிரிசில்லா அப்பாவைத் திட்டவில்லை. தட்டில் சோற்றைப் போட்டுவிட்டு உள்ளே போய்விடுவாளாம். "நாலு வார்த்த திட்டிட்டாக்கூடத் தேவல சார்" என்றார். பையை விட்டுப் புத்தகம் வெளியே வரவேயில்லை. பஸ் சாவு வீடு மாதிரி ஓடியது. எனக்கானால் கோபம் கோபமாக வந்தது. எவனோ எழுதின உண்மையைப் படித்துச் சிரிக்கலாம், அதற்காகப் பெற்ற பெண்ணின் வாழ்க்கையை வைத்தா உண்மை பேசுவது? கேட்டும் விட்டேன். லாரித் தூசியைப் பார்த்துக்கொண்டே வந்தார்.

ஒரு நாள் காலை அரியலூர் பஸ் ஸ்டாண்டில் டேனியல் ஏறினான். நேராக வந்து சார் பக்கத்தில் உட்கார்ந்தான். நான் பின் சீட்டில் காதைத் தீட்டிக்கொண்டேன்.

"மாமா, எனக்கும் தேதி கிடையாது."

சார் அவனையே பார்த்தார்.

"ஸ்கூல் படிக்கிறப்ப எல்லாரும் கேட்டுக்கிட்டே இருந்தாங்க. வாய்க்கு வந்த ஒரு தேதியச் சொல்லிட்டேன். அந்தத் தேதிக்கு எங்கம்மா வருஷா வருஷம் கேசரி கிண்டுறாங்க. நீங்க பேசினதக் கேட்டதுலேர்ந்து எனக்குத் தூக்கமே இல்ல. அப்பாகிட்ட உண்மையச் சொல்லிட்டேன். கொஞ்ச நாள் மூஞ்சி குடுத்தே பேசல. நேத்துதான், அந்த ஐயாவுக்குச் சொல்லி அனுப்பு, மே மாசம் கல்யாணத்த வச்சுக்கலாம்னாரு. ஆள் எதுக்குன்னு நானே வந்துட்டேன்."

டூட்டிக்கு நேரமாகிவிட்டதென்று அடுத்த ஸ்டாப்பிலேயே இறங்கிப் போனான். கண்டக்டர் அவனிடம் டிக்கெட் கேட்கவே மறந்துவிட்டார்.

சார் கண்ணைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"காலையில ஜெபத்துல ஆண்டவர்கிட்ட பயங்கர சண்ட சார். உண்மையச் சொன்னதுக்கு இதுதான் கூலியா, இனிமே உம்மகிட்ட பேசவே மாட்டேன்னு சொல்லிட்டு வந்துட்டேன். இப்ப வூட்டுக்குப் போயி எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு முட்டி போடுறது?"

"இதே மூஞ்சியோட போங்க சார். அவருக்குத்தான் பழகிப் போயிருக்குமே."

எனக்கும்தான் அந்த மூஞ்சி பழகிப் போயிருந்தது. சார் லீவு போட்ட நாளில் எனக்கு பஸ் ஏறவே மனசு வராது.