பயத்துக்கு மார்க் போடுகிறவர்

இல்லைங்க, எங்கள் வீட்டில் ரெட்டைப் பிள்ளை பிறக்கவில்லை. ஒன்றுதான். கட்டிலில் கிடந்து கையையும் காலையும் ஆட்டிக்கொண்டு, என்னைப் பார்த்தால் மட்டும் உதட்டைக் குவிக்கிறாளே, அவள்தான் என் பேத்தி. யாரைப் பார்த்தாலும் குவிக்கிறாள் என்று என் வீட்டுக்காரி சொல்வாள். நம்பாதீர்கள். போன வாரம் ஜன்னல் வழியாகப் பார்த்தவர்களுக்கு அவள் பக்கத்தில் இன்னொரு வெள்ளைத் துணி மூட்டை தெரிந்திருக்கும். அது வெங்காயம். சின்ன வெங்காயம் மூன்று கிலோவுக்கு மேல், தலைப் பக்கம் மட்டும் பெரிய வெங்காயமாக இரண்டு பல்லாரி.

அது ஏன் அங்கே கிடந்தது என்று சொல்வதற்கு முன்னால், மனிதர்களில் ஓர் இனத்தை உங்களுக்கு அறிமுகம் செய்ய வேண்டும். பயத்துக்கு மார்க் போடுகிறவர்கள்.

அடையாளம் காண்பது சுலபம். நீங்களும் நானும் பயந்தால் பயமாக இருக்கிறது என்போம், இல்லையென்றால் எனக்கென்ன பயம் என்று கொஞ்சம் சத்தமாகச் சொல்வோம். இவர்கள் "எழுபது" என்பார்கள். பஸ் ஏறுவதற்கு முன் அறுபது, ஏறி உட்கார்ந்த பின் முப்பத்தைந்து, பக்கத்து ஸீட்டுக்காரர் இருமினால் ஐம்பது. சட்டைப் பையில் பேனா இருக்கும், கையில் நீள நோட்டு இருக்கும். பள்ளிக்கூடத்தில் நான் வாங்காமல் விட்ட மார்க்கையெல்லாம் இவர்கள் தங்கள் பயத்துக்கு அள்ளிப் போடுவார்கள்.

எங்கள் வீட்டுக்கு வாய்த்தவர் என் மகள் கௌசல்யாவின் வீட்டுக்காரர் ஆனந்த்ராஜ். வேடசந்தூர்ப் பக்கம் ஒரு நூல் மில்லில் சூப்பர்வைசர். மணிக்கு ஒரு தரம் மெஷினைப் பார்த்து நோட்டில் நம்பர் எழுதுவதுதான் வேலை. ஒரு நாள் மில்லுக்கு ஒரு மேடம் வந்து மனசைப் பற்றிக் கூட்டம் போட்டு, ஆளுக்கு ஒரு தாள் கொடுத்துவிட்டுப் போனாராம். சி.பி.டி. என்று மூன்று எழுத்து. வைத்தியரிடம் போக முடியாதவர்கள் வீட்டில் தாங்களே செய்துகொள்ளலாமாம். மற்றவர்கள் அந்தத் தாளில் வடையைச் சுற்றினார்கள். இவர் லேமினேஷன் போட்டார்.

அதில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்கிறீர்களா? மனசுக்குள் ஒரு நினைப்பு வந்தால் அதை உடனே நம்பாதே, எழுது. அதற்கு ஆதாரம் என்ன, எதிர் ஆதாரம் என்ன என்று கேள். பயத்துக்கு நூற்றுக்கு எத்தனை என்று போடு. பயப்படுகிற காரியத்தைச் சின்னச் சின்னப் படியாகச் செய்து பார். மறுபடி மார்க் போடு. இவ்வளவுதான். நான் நாலாம் வகுப்பு வரை படித்தவன், வெங்காய மண்டியில் நாற்பது வருஷம் எடை போட்டவன். எனக்கே புரிந்துவிட்டது. அதனால்தான் இது வேலை செய்யுமா என்று சந்தேகம் வந்தது.

வேலை செய்யவில்லை என்றும் சொல்ல முடியாது. பூட்டுக்குப் பேர்போன எங்கள் ஊர்ப் பூட்டை வெளியூர்க்காரன் கண்ணை மூடிக்கொண்டு நம்பி வாங்கிப் போகிறான். இவர் அதைப் பூட்டிவிட்டு பஸ் ஸ்டாண்டு வரை போய், பூட்டினோமா என்று திரும்பி வந்து இழுத்துப் பார்ப்பார். ஒரு நாளைக்கு நான்கு தரம். நோட்டு வந்த பிறகு ஒரு தரம்தான் வருகிறார். ஆனால் வந்தவர் பூட்டு முன்னால் நின்றபடி அரைப் பக்கம் எழுதுகிறார். அதற்குள் பஸ் போய்விடும்.

இந்த இனத்துக்கு இன்னொரு குணமும் உண்டு. தன் பயத்தைத் திருத்தி முடித்ததும் மிச்சம் இருக்கிற நேரத்தில் அடுத்தவர் நினைப்பைத் திருத்துவார்கள். என் வீட்டுக்காரி சண்முகவள்ளி ஒரு நாள், "நாளைக்கு மழ வரும், துணி காயாது, மாசமா இருக்கிறவளுக்குச் சளி பிடிக்கப் போகுது," என்றாள்.

"அத்தே, இது ஜோசியம் பாக்குற சிந்தனை. நடக்காததை நடந்த மாதிரியே முடிவு பண்றீங்க," என்றார் மாப்பிள்ளை, தாளைத் தொட்டுக் காட்டி.

"ஜோசியம் பாத்துத்தானே மாப்ள உங்களுக்குப் பொண்ணு குடுத்தோம்," என்றாள் அவள். அவர் அதற்கு எதிர் ஆதாரம் தேடிக்கொண்டிருந்தபோது மழை வந்தது.

இப்படியே போயிருந்தால் நானும் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். பேத்தி பிறந்தாள். பிரசவம் எங்கள் வீட்டில். மாப்பிள்ளை தினமும் ஷிப்ட் முடிந்ததும் வேடசந்தூரிலிருந்து வருவார், கையைக் கழுவுவார், கட்டிலிலிருந்து மூன்றடி தள்ளி நிற்பார், பார்ப்பார், போவார். தூக்கமாட்டார். நீட்டினால் பின்னால் நகர்வார். "தொண்ணூத்தஞ்சு மாமா," என்பார் என்னிடம் மட்டும், காதோடு. கீழே போட்டுவிடுவோம் என்று பயம்.

அதற்குத்தான் படி. நோட்டில் ஏணி மாதிரி கோடு போட்டு எழுதியிருந்தார். முதல் படி, வாசலில் நின்று பார்ப்பது. இரண்டு, கட்டிலில் உட்காருவது. மூன்று, பாதத்தைத் தொடுவது. நான்கு, குழந்தை எடைக்கு ஒரு மூட்டையைத் தூக்குவது. ஐந்து, அதைத் தூக்கிக்கொண்டு நடப்பது. ஆறு, குழந்தை.

மூட்டை என்றதும் என்னிடம் வந்தார். வேறு யாரிடம் போவார்? தராசு இல்லாமல் கையில் தூக்கிச் சொன்னால் எனக்கு ஐம்பது கிராம் தப்பாது. பிறந்தபோது பேத்தி இரண்டு கிலோ தொள்ளாயிரம். அதே எடைக்கு வெங்காயம் கட்டிக் கொடுத்தேன். தூக்கிப் பார்த்துவிட்டு, "தலைப் பக்கம் கனம் பத்தல மாமா," என்றார். பல்லாரி வைத்தேன். நர்ஸ் வந்து பிள்ளையை எடை போட்டுவிட்டுப் போகும்போதெல்லாம் நான் மூட்டையை அவிழ்த்து வெங்காயம் சேர்த்தேன். பிள்ளை வளர வளர வெங்காயமும் வளர்ந்தது. தலைக்குக் கை கொடுத்து, தோளில் சாய்த்து, முதுகைத் தட்டியபடி அவர் வாசலுக்கும் அடுப்படிக்கும் நடப்பார். அந்த வெங்காயத்தை அவர் பார்த்துக்கொண்ட மாதிரி என் வீட்டில் யாரையும் யாரும் பார்த்துக்கொண்டது கிடையாது.

நான்கில் இருந்து ஐந்துக்கு இரண்டே நாளில் போனவர் ஐந்திலிருந்து ஆறுக்குப் போகவில்லை. பதினெட்டு நாள். அந்தப் படியிலேயே பாயை விரித்துவிட்டார்.

நடுவில் ஒரு நாள் மூட்டையைத் தூக்கியவர் முகம் வெளுத்து, "மாமா, பாப்பா எடை கொறஞ்சிருக்கு," என்றார். அவ்வளவுதான். குளித்துக்கொண்டிருந்த கௌசல்யா ஈரத்தலையோடு ஓடி வந்தாள். நான் அவளுக்கு முன்னால் ஓடிப் போய்ப் பேத்தியின் மூக்குக்குக் கீழே விரலை வைத்துப் பார்த்தேன். மூச்சு வந்தது. அவள் பாட்டுக்குத் தூங்கிக்கொண்டிருந்தாள். என் வீட்டுக்காரி அடுப்படியிலிருந்து கரண்டியோடு வந்து, "சாம்பாருக்கு ஒரு கை அள்ளுனேன். அதுக்கா இந்தக் கூப்பாடு?" என்றாள்.

விரல் வைத்ததைச் சொன்னேனே, அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். எல்லாத் தாத்தாவும் செய்வதுதான்.

சிரிப்பு அதோடு நின்றது. முப்பதாம் நாள் பேர் வைக்க வேண்டும். எங்கள் பக்கத்தில் தாத்தா பிள்ளையைக் கொடுக்க, அப்பன் மடியில் வாங்கி, காதில் மூன்று தரம் பேர் சொல்வது வழக்கம். ஊரைக் கூட்டிச் செய்கிற காரியம். அன்றைக்கும் மாப்பிள்ளை பின்னால் நகர்ந்தால் என்ன ஆகும்? பக்கத்து வீட்டு இன்னாசியம்மாள் அதற்குள்ளேயே ஆரம்பித்துவிட்டாள்.

"ஏண்ணே, நானும் பாக்குறேன், உங்க மருமகன் பிள்ளையத் தொடவே மாட்டேங்குறாரு. பொம்பளப் பிள்ளன்னு மனசு சொணங்கிட்டாரோ?"

"அவருக்குப் பயம்மா. கீழ போட்ருவோம்னு."

"வெங்காயத்தத் தூக்கிட்டு ஊர்கோலம் போறாரு, பிள்ளையத் தூக்கப் பயமாக்கும்," என்றாள்.

அவள் சும்மா கேட்டதுதான். ஆனால் ஜன்னலுக்கு அந்தப் பக்கம் பால் கொடுத்துக்கொண்டிருந்த கௌசல்யாவின் காதில் அது விழுந்துவிட்டது. அன்றைக்கு அவள் சாப்பிடவில்லை. "அப்பா, நிசமாவே அவுகளுக்குப் பொம்பளப் பிள்ளன்னு வருத்தமா இருக்குமோ? ஒரு தரம்கூட வாங்கலையேப்பா," என்றாள்.  மாப்பிள்ளை மில்லுக்குப் போயிருந்தார். முதல் நாள் அவர் மறந்து வைத்துவிட்டுப் போன நோட்டு ஜன்னலில் இருந்தது. அடுத்தவர் நோட்டைப் பிரிப்பது தப்புதான். பிரித்தேன். எழுத்துக் கூட்டி நானே அவளுக்கு வாசித்தேன்.

'நடந்தது: பாப்பாவைத் தூக்கச் சொன்னார்கள். நினைப்பு: கீழே போட்டுவிடுவேன். பயம்: 95. ஆதாரம்: போன வருஷம் செல்போனைக் கீழே போட்டேன். எதிர் ஆதாரம்: பதினொரு வருஷத்தில் நூல் கோன் ஒன்றுகூடக் கை தவறியதில்லை.'

கௌசல்யா மூக்கை உறிஞ்சிக்கொண்டு சிரித்தாள். அடுத்த பக்கம் திருப்பினேன்.

'நடந்தது: பாப்பா அழுதாள், நான் தள்ளி நின்றேன். நினைப்பு: அவளுக்கு என்னைப் பிடிக்காமல் போய்விடும். பயம்: 100. எதிர் ஆதாரம்:' அதற்கு மேல் ஒன்றும் எழுதவில்லை. எழுதி எழுதி அழித்த தடம் மட்டும் இருந்தது.

கௌசல்யா நோட்டை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள்.  பிறகு பேனா கேட்டாள். அந்தக் காலி இடத்தில் ஒரு வரி எழுதி, நோட்டை இருந்த மாதிரியே ஜன்னலில் வைத்தாள். என்ன எழுதினாள் என்று நான் பார்க்கவில்லை. சரி, பார்த்தேன். 'உங்க குரல் கேட்டா மட்டும் அவ பால் குடிக்கிறத நிறுத்திட்டுத் திரும்புறா. வந்து பாருங்க.'

நேற்று முப்பதாம் நாள். பந்தல் இல்லை, பெரிய கூட்டமும் இல்லை. ஆனாலும் நாற்பது பேர் வந்துவிட்டார்கள். இன்னாசியம்மாள் முன்வரிசையில். மாப்பிள்ளை உள்ளே போய் வெங்காயத்தைச் செத்த நேரம் தூக்கி வைத்திருந்துவிட்டு வந்து, மனையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, வேட்டியில் கையைத் துடைத்தார். "எம்பத்தஞ்சு," என்றார். "எது எம்பத்தஞ்சு?" என்று அவருடைய அண்ணன் கேட்டார். 

நான் பேத்தியை நீட்டினேன். அவர் நகரவில்லை. இடது கை தலைக்கு, வலது கை இடுப்புக்கு, வெங்காயத்துக்குக் கொடுத்த அதே மாதிரி கையை அடியில் கொடுத்தார்.  பிடித்துவிட்டார். அப்படியே நின்றது காரியம்.

"மாமா, விடுங்க."

"தல பத்திரம் மாப்ள."

"தலைக்குக் கை குடுத்துட்டேன். விடுங்க."

"கழுத்து இன்னும் நிக்கல மாப்ள, துள்ளுவா, பட்டுத் துணி வேற வழுக்கும்..."

"மாமா. நான் பிடிச்சுட்டேன்."

நான்தான் விடவில்லை. நாற்பது வருஷம் மூட்டை மூட்டையாக ஆள் கைக்கு மாற்றிவிட்ட இந்தக் கை விட மாட்டேன் என்றது. நாற்பது பேரும் பார்க்கிறார்கள். கடைசியில் சண்முகவள்ளி வந்து, "பச்சப் பிள்ளைய வச்சுக் கயிறா இழுக்குறீக? எடுங்க கைய," என்று என் மணிக்கட்டில் ஒன்று வைத்தாள். விட்டேன்.

அவர் மடியில் வாங்கிக்கொண்டு குனிந்து, "மகிழினி," என்றார். மூன்று தரம் சொல்ல வேண்டியது. ஐந்து தரம் சொன்னார். பேத்தி அவர் பக்கம் முகத்தைத் திருப்பி, அவர் விரலில் இருந்த வெங்காய வாசனைக்கு மூக்கைச் சுருக்கித் தும்மினாள். கௌசல்யா புடவைத் தலைப்பைக் கண்ணில் வைத்துக்கொண்டாள். இன்னாசியம்மாள், "அப்பன் மூஞ்சி அப்படியே," என்று சொல்லிவிட்டு இலை போட்டாயிற்றா என்று பார்க்கப் போனாள்.

"நாப்பது," என்றார் மாப்பிள்ளை, யாருக்கும் இல்லாமல். பிள்ளையைத் திருப்பிக் கேட்டபோது கொடுக்க மாட்டேன் என்றுவிட்டார். வெங்காயம் விருந்துச் சாம்பாருக்குப் போனது. நல்ல சாம்பார் என்று எல்லோரும் சொன்னார்கள்.

ஆகவே, இந்த இனத்தைக் கண்டால் ஒதுங்கிப் போங்கள் என்று சொல்லத்தான் ஆரம்பித்தேன். ஆனால் ஒதுங்குவதற்கு முன் ஒரு விஷயம். வீட்டைப் பூட்டிவிட்டு ஒரு தரம் இழுத்துப் பார்க்காமல் நீங்கள் எந்த ஊருக்குப் போயிருக்கிறீர்கள்? கேஸை அணைத்தோமா என்று படியிறங்கிய பிறகு திரும்பியதே இல்லையா? மகன் போன் எடுக்காத பத்து நிமிஷத்தில் அவனை எந்தெந்த ஆஸ்பத்திரியில் படுக்க வைத்துப் பார்த்தீர்கள்? உங்களுக்கும் அவருக்கும் ஒரே வித்தியாசம்தான். உங்களிடம் நோட்டு இல்லை.

என்னிடமும் இல்லை. இன்று காலையில் பேத்தி தூங்கிக்கொண்டிருந்தாள். நான் சும்மா அந்தப் பக்கம் போனவன் சும்மா அவள் மூக்குக்குக் கீழே விரலை வைத்தேன். விடிந்ததிலிருந்து ஆறாவது தரமாம். நான் எண்ணவில்லை, ராத்திரி இங்கேயே தங்கிவிட்டு, கட்டிலுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த மாப்பிள்ளை எண்ணியிருக்கிறார். நோட்டைப் பிரித்து, பேனா மூடியைக் கழற்றி, பிள்ளை எழுந்துவிடாதபடி மெதுவாகக் கேட்டார்:

"விரல் வைக்கிறதுக்கு முந்தி எத்தன மாமா? சும்மா சொல்லுங்க, உங்களுக்கு ஒரு பக்கம் விட்டு வச்சிருக்கேன்."