வரைபடத்துக்கு வராத லாட்ஜும் ரப்பர்பேண்ட் சாரும்

மூன்றாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவன் நான். பாவூர்சத்திரம் மார்க்கெட்டில் மூட்டை சுமந்து, குற்றாலத்தில் மலைச்சரிவில் பதினான்கு அறை லாட்ஜ் கட்டினேன். பாறை என்றார்கள், உளி வைத்தே உடைத்தேன். பிளான் இல்லாமல் கட்டினால் நிற்காது என்றார்கள். முப்பது வருடச் சாரலுக்கும் நிற்கிறது. இத்தனையும் செய்தவனைப் பயத்தில் நடுங்க வைத்தவர் உலகத்திலேயே ஒருவர்தான், ரப்பர்பேண்ட் சார்.

கல்லூரியில் இயற்பியல் நடத்தும் தற்காலிக வாத்தியார். வயது நாற்பத்தைந்து. டாக்டர் பட்டத்துக்குப் பதினோரு வருடமாக எழுதுகிறார். இரண்டு முறை தவணை வாங்கியாயிற்று. இந்த முறை தேர்வாளர்கள் ஒத்துக்கொள்ளாவிட்டால் பட்டமும் போகும், வேலையும் போகும். சொந்த ஊர் பக்கத்திலிருக்கும் அச்சன்புதூர்தான். வீட்டில் எல்லோரும் "முடிஞ்சிட்டா?" என்று கேட்கிறார்கள் என்பதால், சீசன் இல்லாத நாளாகப் பார்த்து என் ஏழாம் நம்பர் அறைக்கு வந்துவிட்டார்.

சட்டைப்பை நிறைய ரப்பர்பேண்ட் வைத்திருப்பார். "அண்ணாச்சி, உலகத்துல எல்லாமே இப்படி நுனியில்லாத இழைதான். புள்ளிய வச்சு எதையும் சுத்த முடியாது, இழைய வச்சு சுத்தலாம். அப்படி ஒரு வட்டத்த சுத்துன இழைக்கு, அது பெரிய வட்டமா சின்ன வட்டமான்னு தெரியாது."

"அப்போ அண்டாவும் தம்ளரும் ஒண்ணுங்கீங்களா?"

"இழைக்கு ஒண்ணுதான்."

பித்தம் தலைக்கேறிவிட்டது என்று என் மனைவி அன்றைக்கே அவருடைய ரசத்தில் சீரகத்தைக் கூட்டினாள்.

ஒரு நாள் ஐந்தருவிக்குப் போனவர், முதலில் குளித்துவிட்டுப் பிறகு அங்கே ஓர் ஆளிடம் எண்ணெய் தேய்த்துக்கொண்டு அப்படியே திரும்பி வந்தார். படியேறும்போது சாய்ந்த சுவரெல்லாம் எண்ணெய்.

"என்ன சார் இது?"

"வரிசைய மாத்திப் பார்த்தேன் அண்ணாச்சி. முடிவு மாறுது. என் கணக்குல இடமே இப்படித்தான். கிழக்க முதல்ல அளந்தா ஒண்ணு, வடக்க முதல்ல அளந்தா வேற."

"இது என்ன பெரிய விசயம்? நம்ம ஆபீஸ்ல இருந்து பத்தடி கிழக்க, பத்தடி வடக்க போனா உங்க ரூம். வடக்க போயிட்டு கிழக்க திரும்புனா அடுக்களை."

சரிவில் கட்டிய லாட்ஜ். படிகள் அப்படி. எனக்குப் பழகிவிட்டது. அவரோ சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார்.

அன்று தொடங்கியது வினை. சாப்பாடு இல்லை, தூக்கம் இல்லை. தாழ்வாரத்தையே சுற்றிச் சுற்றி வந்தார்.

"ஏங்க, சாமிய சுத்துனாலும் புண்ணியம் உண்டு. இந்த மனுசன் நம்ம கக்கூஸையும் சேத்துல்லா சுத்துதாரு?" என்றாள் மனைவி. என் கட்டடத்தால் ஒரு படித்த மனிதருக்கு ஏதாவது ஆகிவிட்டால்?

அவர் பிளான் கேட்டார். முப்பது வருடம் மறைத்த வெட்கத்தைச் சொல்ல வேண்டியதாயிற்று. ஒரு முறை வரைபடக்காரர் நான்கு தாளில் வரைந்தார். ஒவ்வொரு தாளும் சரி. சேர்த்து ஒட்டினால் ஓரம் பொருந்தவில்லை. மூன்று கொத்தனார்கள் மூன்று அளவில் கட்டிய தாழ்வாரம். அகலமாகப் புறப்பட்டு, ஒரு சுற்று வந்து, குறுகலாக அதே இடத்தில் சேரும். சேருகிற இடத்தில் ஒரு கோணல் படி. அதை இடித்துச் சமன் செய்யக் கொத்தனாரிடம் சொல்லியும் வைத்திருந்தேன்.

சாருக்குக் கண் கலங்கிவிட்டது. "அண்ணாச்சி, துண்டு துண்டா சரி, மொத்தமா வரைய முடியாது. பெருசா கிளம்பி சின்னதா வந்து ஒட்டுது. மனுசனுக்குத்தான் அந்தப் படி தடுக்கும், இழைக்குத் தடுக்காது. பதினோரு வருசமா நான் எழுதுற இடம் இதுதான்."

பட்டத்துக்கான வாய்மொழித் தேர்வு கம்ப்யூட்டர் வழியாக, ஒரு நாள் காலை பதினோரு மணிக்கு. லாட்ஜ் நெட் செத்துவிட்டது. என் செல்போன் நெட்டைக் கொடுத்துவிட்டு, அறை வாசலில் நின்றேன். திரையில் மூன்று பேர். அதில் ஒரு கடுகடுத்த மனிதர் கேட்டார், "கணக்கு சரி. ஆனால் வரைபடமே போட முடியாததை இடம் என்று எப்படிச் சொல்கிறீர்கள்?"

சார் ரப்பர்பேண்டை விரலில் சுற்றிக்கொண்டே போனார். அதுவும் அறுந்து விழுந்தது.

"சார், அந்தப் படிய காட்டுங்க," என்றேன்.

கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு நடந்தார். நெட் அறுந்துவிடக் கூடாதே என்று செல்போனோடு பின்னால் நான். தூறல் விழுகிறது என்று கம்ப்யூட்டருக்குக் குடை பிடித்தபடி என் மனைவி. சுற்றி வந்து கோணல் படியில் நின்றார். "இங்கே எனக்குக் கால் தடுக்கிறது. வரைபடம் வராது. ஆனாலும் முப்பது வருடமாக ஆட்கள் தங்குகிறார்கள்," என்றார்.

கடுகடுத்தவர் சிரித்துவிட்டார். "சரி, உங்கள் கணக்கில் வரும் அந்தக் கிழக்கு வடக்கு வித்தியாசம் எவ்வளவு?"

"இழை எத்தனை சுற்று சுற்றியிருக்கிறதோ அதைப் பொறுத்தது. சுற்றாத இழைக்கு வித்தியாசமே இல்லை."

அதற்குப் பிறகு சாருக்குப் பயம் இல்லை. அறைக்குத் திரும்பி ஒரு மணி நேரம் தாள் தாளாக எழுதிக் காட்டினார். பட்டம் கிடைத்தது. வேலையும் தப்பியது.

அவருடைய ஆராய்ச்சி அச்சான புத்தகம் போன மாதம் கூரியரில் வந்தது. எனக்கு இங்கிலீஷ் வராது, என் மகள்தான் படித்துச் சொன்னாள். நன்றிப் பக்கத்தில் பேராசிரியர்கள், அவருடைய வீட்டார், ஐந்தருவியில் எண்ணெய் தேய்த்துவிட்டவர்கூட இருக்கிறார். உள்ளே ஓரிடத்தில் 'மலையோரக் கட்டடம் ஒன்று' என்று இருக்கிறதாம். ஒன்று என்றால்? தானாக முளைத்ததா? அதைக் கட்டியவன் நான். படியைக் காட்டச் சொன்னவனும் நான்.

சார், இந்தப் பத்திரிகையை நீங்கள் படிப்பீர்கள் என்று தெரியும். அந்த வரியைத் திருத்தி என் பெயரைப் போட வேண்டும். தபாலில் அனுப்பினால் வாங்க மாட்டேன். நீங்களே கொண்டுவர வேண்டும். இந்தச் சீசனுக்கும் ஏழாம் நம்பரை யாருக்கும் கொடுக்கவில்லை. வரும்போது பார்த்துக் கால் வையுங்கள். கொத்தனார் இரண்டு முறை வந்தார், படியைத் தொடவிடாமல் திருப்பி அனுப்பிவிட்டேன்.