மாப்பிள்ளை சைக்கிளில் வந்த விவரம்

தூத்துக்குடி,
செவ்வாய்க்கிழமை.

மதிப்பிற்குரிய பர்னபாஸ் மாமா அவர்களுக்கு, அமலன் பணிவுடன் எழுதுவது. மாதாவின் காவலில் நீங்களும் அத்தையும் ஜெஸ்மியும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே அம்மா சுகம், நான் சுகம். சைக்கிளின் முன்சக்கரம் மட்டும் கொஞ்சம் கோணல்.

ஞாயிற்றுக்கிழமை பெண் கேட்க வந்த அம்மா பழத்தட்டோடு உங்கள் வீட்டில் தனியாக உட்கார்ந்திருந்தபோது, மாப்பிள்ளை எங்கே இருந்தான் என்பதை உங்கள் மச்சினர் தனராஜ் அண்ணாச்சி ஊருக்கே சொல்லிவிட்டார். போலீஸ் ஸ்டேஷன் பெஞ்சில் அவர் என்னைப் பார்த்தது உண்மை. அதைக் கேட்டு நீங்கள், "ஸ்டேஷன்ல இருந்தான்னாகூட பொறுத்துக்கிடலாம். சைக்கிள்லயா வந்தான்?" என்றீர்களாம். ஜெஸ்மி சொன்னாள். அதனால்தான் இந்தக் கடிதம்.

அம்மாவை ஆட்டோவில் அனுப்பிவிட்டு நான் வழக்கம்போல் சைக்கிளில் கிளம்பினேன். துறைமுகச் சாலையில் ஓரம் முழுவதையும் அடைத்துக்கொண்டு ஒரு லாரி நின்றது. பின்னால் 'மாதா துணை' என்று எழுதி ஒரு ரோஜாப்பூ. நம் ஊரில் அது எழுதாத லாரி ஏது? டிரைவர் லாரிக்கு அடியில் பாய் விரித்துத் தூங்கிக்கொண்டிருந்தார். நான் நடுரோட்டுக்கு வந்தேன், எதிரே வந்த பஸ்ஸுக்குப் பயந்து ஒதுங்கி லாரியின் மூலையில் மோதி விழுந்தேன், எழுந்தால் முன்னால் சப்-இன்ஸ்பெக்டர். ஹெல்மெட் சோதனையாம்.

"ஏலே, நடுரோடு உங்க வீட்டு முற்றமா?"

"ஓரத்துல லாரி நிக்கு சார்."

"லாரிய நான் தூக்கித் தலையில வைக்கவா? ஹெல்மெட் எங்க?"

"இது சைக்கிள் சார்."

"சைக்கிள்ல வாரவனுக்குத் தலை கிடையாதோ? என்ன படிச்சிருக்க?"

"பி.இ. சார்."

"பி.இ. படிச்சிட்டு சைக்கிளா? யாரு சைக்கிளயோ தூக்கிட்டு வாரான். ஏத்துங்கய்யா இவன."

லாரி நின்ற இடத்திலேயே நிற்க, நான் ஜீப்பில் போனேன். ஸ்டேஷனில், திருட்டுச் சைக்கிள் என்று பிடித்த அதே சைக்கிளில் ஒரு கான்ஸ்டபிள் டீ வாங்கப் போய்வந்து, "பிரேக்கே பிடிக்க மாட்டேங்கு, என்னத்த ஓட்டுதயோ" என்று என்னையே திட்டினார். அவர் தலையிலும் ஹெல்மெட் இல்லை. கடைசியில் அம்மா வந்து, அது என் சைக்கிள்தான் என்று சத்தியம் செய்து மீட்டார்.

மாமா, சிரிப்பு இருக்கட்டும். உப்பளத்துக்கு வேலைக்குப் போகிற பெண்கள் தினமும் அந்த வழியாகத்தான் சைக்கிளில் போகிறார்கள். யாராவது அடிபட்டால், "ஓரமா போக வேண்டியதுதான" என்கிறார்கள். ஓரம் எங்கே இருக்கிறது? ஓரத்தில் லாரி இருக்கிறது. அதன் முதலாளிக்கு மனிதன் என்றால் டயரில் ஒட்டுகிற சேறு. நேற்று கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாளில் அந்த லாரியின் போட்டோவோடு மனு கொடுத்துவிட்டேன். நீங்களும் லாரி வைத்திருப்பவர்தான். ஒழுங்கான முதலாளி எப்படி இருப்பார் என்று அந்த ஆளுக்கு நீங்கள் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

எனக்கு ஜெஸ்மி வேண்டும். அவளுக்கும் நான் வேண்டும். ஆனால் சைக்கிளை விட்டால்தான் பெண் என்று சொல்லாதீர்கள். பைக் வாங்க வக்கில்லாமல் நான் சைக்கிளில் போகவில்லை. சைக்கிளில் போகிறவனும் ஆள்தான், அவ்வளவுதான்.

அத்தைக்கு என் வணக்கம். இவ்வளவையும் பொறுமையாக வாசித்த உங்கள் கண்களை மாதா நன்றாக வைத்திருக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் மருமகனாக விரும்பும்
அமலன்.

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்கு முன் லாரி போட்டோவை ஜெஸ்மிக்கு அனுப்பினேன். "ஏ லூசு, அது எங்க அப்பா லாரி" என்று பதில் வந்தது. முதலாளி, சேறு என்று வருகிற வரிகளைத் தயவுசெய்து வாசிக்காமல் விட்டுவிடுங்கள். என் மனுவுக்கு இந்த ஊரில் இல்லாத சுறுசுறுப்போடு நடவடிக்கை எடுத்து, இன்று காலையே லாரியை ஸ்டேஷனுக்குக் கொண்டுபோய்விட்டார்களாம். நீங்கள் உடனே போக வேண்டியிருக்கும். பைக்கில் போகாதீர்கள், வழியில் ஹெல்மெட் சோதனை நடக்கிறது, நீங்கள் ஹெல்மெட் போட்டு நான் பார்த்ததில்லை. இந்தக் கடிதத்தை நானேதான் கொண்டுவந்தேன். வாசலில் நிற்கிறேன். சக்கரத்தை நிமிர்த்தியாகிவிட்டது. பின்னால் காரியர் இருக்கிறது.