துண்டு போட்ட முகவரி

துண்டு சார், நீங்கள் எங்கள் இடத்தையெல்லாம் திருடினீர்கள். செஞ்சியில் உங்களைப் போல ஒரு சந்தேகப் பிராணி கிடையாது. கண்ணெதிரே போட்ட டீயைக்கூட முகர்ந்து பார்த்துத்தான் குடிப்பீர்கள்.

படிப்பவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். உரக்கடை மாடியில் எங்கள் ஆபீஸ். விவசாயிகளுக்கான வெப்சைட்டை 'கோ' (Go) என்ற கணினி மொழியில் எழுதிக்கொண்டிருந்தோம். அதில் ஒவ்வொரு பக்கத்தின் முகவரிக்கும் எந்த ஹேண்ட்லர், அதாவது எந்தக் குட்டி புரோகிராம், பதில் சொல்லும் என்று பதிவு செய்ய வேண்டும். ஒரே முகவரியை இரண்டு பேர் பதிவு செய்தால் சர்வர் எழுந்திருக்காது.

இந்த மனிதர், பஸ் ஜன்னல் வழியாகத் துண்டு போடுகிற மாதிரி, யாரும் கேட்பதற்கு முன்பே வெற்று ஹேண்ட்லர்களைப் பதிவு செய்து இடம் பிடித்துவிடுவார். அதனால்தான் அந்தப் பெயர். யாரும் பதிவு செய்யாத முகவரிகளும் தன்னிடமே வந்து விழும்படி செய்திருந்தார். மேல்சித்தாமூர் நெல் வியாபாரி ஒருவர் முகவரியில் ஓர் எழுத்தைத் தப்பாக அடித்துவிட்டார். திரையில் வந்தது: "யார் நீங்கள்? உங்களை யார் அனுப்பியது?" அவர் பயந்துபோய் போனையே அணைத்துவிட்டார்.

எனக்கு வேண்டியது ஒரே ஒரு முகவரி. அறுப்பு மிஷின் புக்கிங். திங்கட்கிழமை ஓடவில்லையென்றால் முதலாளி அந்த வேலையைத் தன் மச்சானுக்குக் கொடுத்துவிட்டு என்னை வீட்டுக்கு அனுப்பிவிடுவார். போய்ப் பார்த்தால் அதிலும் துண்டு.

"சார், அது என் இடம். எடுங்க."

"முடிச்சிட்டியா?"

"இன்னும் இல்ல."

"அப்ப இன்னாத்துக்கு இப்ப? முடிச்சிட்டு வா."

"உள்ள இன்னா வெச்சிருக்கீங்க?"

"ஒன்னுமில்ல. யாருகிட்டயும் சொல்லாத."

மச்சானுக்காகத்தான் பிடித்துவைக்கிறார் என்று எனக்கு உறுதியாகிவிட்டது. அவரோடு பேச்சை நிறுத்தினேன். ஞாயிற்றுக்கிழமை வீட்டில் உட்கார்ந்து வேலையை முடித்தேன்.

திங்கட்கிழமை அனந்தபுரம் பஸ் லேட். படி ஏறும்போதே முதலாளி கத்துவது கேட்டது. மச்சான் தன் ஹேண்ட்லரை அதே முகவரியில் பதிவு செய்திருக்கிறான். சர்வர் விழுந்துகிடக்கிறது.

"யோவ் துண்டு, எடுய்யா அத. காலி இடம்தான?"

"காலி இல்ல சார். ஆள் வருது."

"எங்க வருது?"

"பஸ்ல."

நான் கதவருகே நின்றேன். துண்டு என்னைப் பார்த்தார். மச்சானின் வரியை அழித்தார், தன் வரியையும் அழித்தார், நாற்காலியை என் பக்கம் தள்ளினார்.

"உக்காரு. சீக்கிரம் போடு."

பதிவு செய்தேன். சர்வர் எழுந்தது. ஓடுகிறதை நிறுத்தச் சொல்ல முதலாளிக்கும் மனசு வரவில்லை.

சார், நீங்கள் இப்போது சென்னையில் இருப்பதாகக் கேள்வி. குடிக்கிற டீயையே நம்பாத நீங்கள், நான் முடிக்காத வேலையை எப்படி நம்பினீர்கள்? தனியாகப் போன் செய்து மழுப்ப வேண்டாம். இந்தப் பத்திரிகையிலேயே, எல்லோரும் படிக்கும்படி பதில் எழுதுங்கள்.