கார்புரேட்டர் வெந்த ஜாம் சட்டி

கன்னமுல்லா,
செவ்வாய்க்கிழமை.

அன்புக்கும் மரியாதைக்கும் உரிய மச்சான் கெல்வின் அவர்களுக்கு கிளாரி எழுதிக்கொள்வது. இங்கே நான் நலம், நாய் டிங்கர் நலம், மழையைக் கண்ணில் காணாவிட்டாலும் ஆடுகள் நலம். என் மனைவி, உங்கள் தங்கை நோரீனின் நலத்தை அவளே சொன்னால்தான் உண்டு. அவள் என்னோடு பேசி இன்றோடு ஒன்பது நாள். தூவூம்பாவில் நீங்கள் நலமாகவே இருப்பீர்கள். அடுத்தவன் வீட்டுக்கு யோசனை சொல்கிறவர்களுக்கு ஒரு குறையும் வருவதில்லை.

ஆடு ஓட்டுகிற என் மோட்டார் பைக் கிளம்பும், மேய்ச்சல் நிலத்தின் இரண்டாவது கேட் வரை போகும், அங்கே செத்துவிடும் என்று உங்களுக்கு ஃபோன் செய்தேன் அல்லவா? வண்டியைப் பார்க்காமலே, "கார்புரேட்டர்ல அழுக்குதான் கிளாரி. கழட்டி எலுமிச்சைச் சாறுல கொதிக்கவிடு, புதுசாட்டம் ஆயிரும்" என்றீர்கள். வீட்டில் எலுமிச்சை இரண்டு வாளி இருந்தது. இந்தச் சனிக்கிழமை விவசாயக் கண்காட்சியில் ஜாம் போட்டிக்கென்று நோரீன் ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்துப் பறித்து வைத்தது. பதினோரு வருடமாக முதல் பரிசு வாங்குகிறவள். அதெல்லாம் எனக்குத் தெரியும், ஆனால் அந்த நேரத்தில் என் கண்ணுக்கு எலுமிச்சை மட்டும்தான் தெரிந்தது. பாத்திரமும் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. அது உங்கள் அம்மா அவளுக்கு விட்டுப்போன, ஜாம் காய்ச்சுகிற செப்புச் சட்டி என்பது, அதில் கார்புரேட்டர் தளதளவென்று கொதித்துக் கறுப்பாக நுரை கட்டிய பிறகுதான் நினைவுக்கு வந்தது. உள்ளே வந்த நோரீன் அடுப்பைப் பார்த்தாள். சட்டிக்குள் எட்டிப் பார்த்தாள். திட்டியிருந்தால் அன்றைக்கே முடிந்திருக்கும்.

அதன் பிறகு எதுவானாலும் நாய் மூலமாகத்தான். "டிங்கர், சாப்பாடு மேசைல இருக்குன்னு அந்த ஆளுகிட்ட சொல்லு." மேசையில் எங்கே இடம் இருந்தது? கார்புரேட்டரின் மிதவையும் ஊசியும் ஜெட்டும் பரப்பி வைத்திருந்தேன். மூன்று தடவை கழற்றி மூன்று தடவை மாட்டினேன், மச்சான். முதல் தடவை ஒரு திருகாணி மிஞ்சியது. அதற்கு இடம் தேடி மறுபடி கழற்றி மாட்டியதில் இரண்டு மிஞ்சின. மூன்றாவது தடவை ஒன்றும் மிஞ்சவில்லை. ஆனால் ஒரு குட்டி ஸ்பிரிங் துள்ளிப் போய், சர்க்கரை டப்பாவுக்குள் ஒரு பகல் முழுக்கக் கிடந்தது. பைக் மட்டும் மாறவே இல்லை. கிளம்பும், இரண்டாவது கேட்டில் நிற்கும். டேங்க் மூடியைத் திறந்து பார்ப்பேன், பெட்ரோல் இருக்கும். மூடிவிட்டு உதைப்பேன், கொஞ்ச தூரம் ஓடி மறுபடி நிற்கும். நேற்று டிங்கர்கூட பின்சீட்டிலிருந்து இறங்கி நடந்தே வீட்டுக்குப் போய்விட்டான்.

எனக்கு அலுத்துவிட்டது, மச்சான். பைக் ஓடாவிட்டால் போகிறது, ஆட்டை நடந்தே ஓட்டிக்கொள்வேன். ஆனால் முப்பத்தோரு வருடம் பேச்சு ஓயாத வீடு இது. சாயங்காலத் தேநீரை இரண்டு பேரும் சத்தமில்லாமல் குடிப்பது தாங்கவில்லை. நீங்கள்தான் அவளுக்கு ஃபோன் செய்து, 'எலுமிச்சை யோசனை என்னுடையது, கிளாரி ஒரு பாவமும் அறியான்' என்று சொல்ல வேண்டும். உங்களுக்கும் குடும்பத்தாருக்கும் எல்லா நலமும் உண்டாகட்டும். உங்கள் பக்கமாவது மழை பெய்யட்டும்.

இப்படிக்கு,
உங்கள் தங்கை கணவன்
கிளாரி

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் நோரீன் கொட்டகைக்கு வந்தாள். பெட்ரோல் தடையில்லாமல் இறங்க டேங்குக்குள் காற்று விடுகிற, மூடியில் இருக்கிற சின்னக் குழாயைப் பிடுங்கி, ஒரு கம்பியால் குத்தி ஊதினாள். குளவிக்கூட்டு மண் பொலபொலவென்று கொட்டியது. ஒரே உதை, இரண்டாவது கேட்டைத் தாண்டி மூன்றாவது வரை போய்த் திரும்பி வந்தாள்.

"உனக்கு எப்படித் தெரியும்?" என்றேன்.

"மொத நாளே குளவி உள்ள போறதப் பாத்தேன். அதச் சொல்லத்தான் வீட்டுக்குள்ள வந்தேன், நீ என் சட்டில சமைச்சுக்கிட்டு இருந்த."

"ஒம்பது நாளா சொல்லலியே, நோரீன்."

"பேசக்கூடாதுன்னு இருந்தேன்ல?"

இப்போது நன்றாகப் பேசுகிறாள். எலுமிச்சையில் வேகவைக்கச் சொன்னது யார் என்றும் கேட்டாள். சொல்லிவிட்டேன். ஆகவே ஃபோன் செய்ய வேண்டாம், மச்சான். எடுக்க மாட்டாள். ஏதாவது அவசரம் என்றால் டிங்கரைக் கூப்பிடுங்கள்.