தேச ஒற்றுமையும் என் தொண்டையும்

பெருமதிப்பிற்குரிய மச்சான் அவர்களுக்கு,

உங்கள் தங்கையைக் கட்டிய பூட்டுக்கடைக்காரன் பணிவுடன் எழுதிக்கொள்வது. இந்த வரியை எழுதும் வரையில் நானும் உங்கள் தங்கையும் நலம். அங்கே நீங்களும் அக்காவும் பிள்ளைகளும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நீங்கள் போனை எடுக்காததால் நம்பத்தான் முடிகிறது, விசாரிக்க முடியவில்லை. இந்தக் கவரைப் பிரிப்பதற்கு முன்னால் ஒட்டிய இடத்தில் யாராவது நகத்தை விட்டு நெம்பிய அடையாளம் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளவும். பிரித்துவிட்டீர்களா? சரி போகட்டும், இனி என்ன செய்வது.

விஷயம் இதுதான். போன மாதம் நம் கட்சித் தலைவர் கிளைச் செயலாளர்கள் எல்லோரையும் மண்டபத்துக்குக் கூப்பிட்டு, நமக்கு எதிரி என்று யாரும் இல்லை, மாற்றுக் கருத்துள்ள சகோதரர்கள்தான் இருக்கிறார்கள், நாடு ஒன்றுபட வேண்டும், சீர்திருத்தம் நம்மிடமிருந்தே தொடங்க வேண்டும் என்று பேசினார் அல்லவா? தலைமை அலுவலகத்தில் நீங்கள்தான் எழுதிக் கொடுத்தீர்கள் என்று கேள்வி, நன்றாகவே இருந்தது, ஆனால் எங்கே கைதட்டுவது என்றுதான் ஒருவருக்கும் புரியவில்லை. வழக்கமாகத் திட்டு முடிகிற இடத்தில் தட்டுவோம். இதில் திட்டே இல்லை. எனக்குப் பக்கத்தில் இருந்தவர் காதோரமாக, "புலி பதுங்குதுய்யா, இப்பப் பாயும் பாருங்க" என்றார், நானும் பாயும் பாயும் என்று கடைசிவரை உட்கார்ந்திருந்தேன், பாயவில்லை, டீ கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அப்போதே இதில் ஏதோ இருக்கிறது என்று கணக்குப் போட்டேன். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுதால் ஆடு உஷாராகிவிடும். ஓநாய் நனைகிறதே என்று ஆடு அழுதால் யாரைச் சந்தேகப்படுவது? அதிலும் இந்தச் சீர்திருத்தம் என்கிற வார்த்தை இருக்கிறதே, நம் கட்சியில் முதல்முறை சீர்திருத்தம் நடந்தபோது ஆட்கள் இருந்தார்கள், நாற்காலிகள் போய்விட்டன. அடுத்தமுறை நாற்காலிகள் இருந்தன, ஆட்கள் போய்விட்டார்கள்.

பிறகு உங்கள் அலுவலகத்திலிருந்து அந்த உத்தரவு வந்தது. ஒவ்வொரு கிளைச் செயலாளரும் தன் பகுதியின் ஆளுங்கட்சிச் செயலாளரை அழைத்து ஒன்றாக டீ குடித்து, கைகுலுக்கிப் படம் எடுத்து அனுப்ப வேண்டுமாம். மற்றவர்களுக்கு இது சுலபம். என் பகுதியின் ஆளுங்கட்சிச் செயலாளர் யார் என்று உங்களுக்கே தெரியும், என் பக்கத்துக் கடைத் தையல்காரர். நடுவில் ஒரு பலகைத் தடுப்புத்தான். நான் ரேடியோவில் செய்தி வைத்தால் அந்தப் பக்கம் மெஷின் ஓட ஆரம்பிக்கும், செய்தி முடிந்ததும் மெஷின் நிற்கும். அவர் தன் கடைக்கு என்னிடம் பூட்டு வாங்க மாட்டார், வாங்கினால் இன்னொரு சாவியை நான் ஒளித்து வைத்துக்கொள்வேனாம். நானும் அவரிடம் சட்டை தைக்கக் கொடுக்க மாட்டேன், கொடுத்தால் ஒரு கை குட்டையாகத்தான் வரும். இப்படி ஒருவரை ஒருவர் நன்றாகப் புரிந்துகொண்டு, ஒரு வம்பும் இல்லாமல் காலம் தள்ளிக்கொண்டிருந்தோம். அதில் மண்ணைப் போட்டது இந்த ஒற்றுமை.

தலைவர் சொல்லைத் தட்டக் கூடாதே என்று அவரைக் கூப்பிட்டேன். வந்தார். நான் போட்ட ஸ்டூலைத் தட்டிப் பார்த்துவிட்டு உட்கார்ந்தார். உங்கள் தங்கை பிளாஸ்கில் கொடுத்தனுப்பிய டீயை இரண்டு டம்ளரில் ஊற்றினேன். "குடிங்க" என்றேன். "நீங்க குடிங்க" என்றார். "விருந்தாளி நீங்கதானே, முதல்ல நீங்க" என்றேன். "வயசுல மூத்தவர் நீங்க" என்றார், என்னைவிட இவர் இளையவர் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும், அதையும் நான் நம்பவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவர் டம்ளரை மாற்றி வைத்தார். மாற்றிக் குடிக்கச் சொல்கிறார் என்றால் முன்னாடியே ஏதோ யோசித்துத்தான் வந்திருக்கிறார் என்று நான் மறுபடி மாற்றி வைத்தேன். டீயில் ஆடை படிந்தது. அந்த நேரம் பார்த்துப் பிளாஸ்கை வாங்கிப்போக வந்த உங்கள் தங்கை, இரண்டு டம்ளரையும் எடுத்து இரண்டிலும் ஒரு மடக்குக் குடித்துவிட்டு, "செத்தேனா? இப்பக் குடிங்க ரெண்டு பேரும்" என்றாள். குடித்தோம். படமும் அவள்தான் எடுத்தாள். படத்தில் நான் அவர் கையைப் பார்க்கிறேன், அவர் என் கையைப் பார்க்கிறார். அதற்கு உங்கள் அலுவலகத்திலிருந்து, சிரிப்புப் போதவில்லை, மறுபடி எடுத்து அனுப்பவும் என்று பதில் வந்தது. அந்தப் பதிலை எழுதியது நீங்கள் இல்லை என்றே நினைத்துக்கொள்கிறேன்.

இதோடு விட்டிருந்தால் தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று இருந்திருப்பேன். அதற்குள் மைதானத்தில் ஒற்றுமைப் பேரணி வைத்தார்கள். நம் கட்சிக் கூட்டத்தில் கோஷம் போடுகிற முறை உங்களுக்குத் தெரியாதது இல்லை, இருந்தாலும் விசாரணையில் யாராவது கேட்டால் சொல்வதற்காக எழுதுகிறேன். மேடைக்குக் கீழே இரண்டு பேர் நிற்போம். தலைவர் முதல் பாதியைச் சொல்லுவார், இரண்டாம் பாதியை நாங்கள் எடுத்துக் கொடுப்போம், மைதானம் பின்னாலேயே சொல்லும். "வாழ்க" எல்லாம் பல் டாக்டர் கிளினிக்கில் டோக்கன் கொடுக்கிறாரே, அந்த இன்னொருவருடைய பொறுப்பு, "ஒழிக" எல்லாம் என் பொறுப்பு. எதிர்க்கட்சியில் வாழ்க சொல்ல என்ன இருக்கிறது? தலைவர் பெயரைச் சொன்னால் ஒன்று, கட்சி பெயரைச் சொன்னால் ஒன்று, அவ்வளவுதான், மற்ற நேரம் அவர் சும்மா நின்று வேர்த்துக்கொண்டிருப்பார். லஞ்சம், ஒழிக. விலை உயர்வு, ஒழிக. இந்த ஆட்சி, ஒழிக. கட்சியின் பாரத்தையெல்லாம் இத்தனை வருஷமாக என் தொண்டைதான் சுமந்திருக்கிறது.

அன்றைக்கு ஆளுங்கட்சிக்காரர்களையும் அழைத்திருந்தார்கள். தையல்காரர் தன் ஆட்களோடு முன்வரிசையில், கோஷம் போடலாமா கூடாதா என்று தெரியாமல், கல்யாணத்துக்கு வந்த மூன்றாம் மனிதர் மாதிரி உட்கார்ந்திருந்தார். தலைவர் அரை மணி நேரம் சகோதரத்துவத்தைப் பற்றிப் பேசினார். முடிக்கிற இடத்தில் எப்போதும் போலக் கை முஷ்டியை உயர்த்தினார். அதே முஷ்டி மச்சான், அதே குரல், அதே இழுப்பு. "தேச ஒற்றுமை!" என்றார்.

"ஒழிக!" என்றேன்.

நான் வேண்டுமென்று சொல்லவில்லை. பழகின பூட்டில் பழகின சாவியைப் போட்டால் பூட்டு யோசித்துவிட்டா திறக்கும்? அந்த இடத்தில் வாழ்க சொல்ல வேண்டியவர் எங்கே என்று பக்கத்தில் பார்க்கிறேன், ஆளைக் காணோம், போன் வந்ததென்று பந்தலுக்குப் பின்னால் போயிருக்கிறார். அதற்குள் மைதானம் முழுக்க "ஒழிக!" என்று முழங்கிவிட்டது. தலைவருக்கு முகம் வெளுத்துவிட்டது, சமாளிக்கலாம் என்று "சீர்திருத்தம்!" என்றார். இந்தத் தடவை நான் வாயைப் பொத்திக்கொண்டேன், சத்தியமாக அது நான் இல்லை, மைதானமே சொல்லிவிட்டது. கோஷமே தெரியாமல் திணறிக்கொண்டிருந்த தையல்காரரின் ஆட்கள், ஓஹோ இதுதான் இங்கே வழக்கம் போலிருக்கிறது என்று எழுந்து நின்று எங்களைவிடச் சத்தமாகச் சொன்னார்கள். தலைவர், "உங்கள் தலைவனாகிய நான்" என்று ஆரம்பித்தார். அத்தனை வாயும் தயாராகத் திறந்திருப்பதைப் பார்த்தார். நிறுத்திக்கொண்டு இறங்கிவிட்டார்.

இப்போது என்னைக் கட்சியை விட்டு ஏன் நீக்கக் கூடாது என்று விளக்கம் கேட்டிருக்கிறார்கள். வரும் வெள்ளிக்கிழமை விசாரணை. விசாரிக்கப் போவது யார் தெரியுமா? அந்த டோக்கன்காரர். சரியாக அந்த நிமிஷத்தில் அவருக்கு யார் போன் செய்தார்கள் என்று அவரை விசாரிக்க ஆள் இல்லை, என்னை விசாரிக்க அவர் வருகிறார். தலைவர் மேலேயே எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. வாழ்க வேண்டுமென்றால் வாழ்கவுக்கு உண்டான குரலில் சொல்ல வேண்டியதுதானே, ஒழிகவுக்கு உண்டான முஷ்டியை ஏன் தூக்கினார்? என் சந்தேகம் உங்கள் தங்கையையும் விடவில்லை. அன்று காலையில் என்றும் இல்லாத திருநாளாக வெந்நீரில் தேன் கலந்து கொடுத்தாள், அதனால்தான் குரல் அப்படிக் கணீர் என்று வந்தது. கேட்டதற்கு, "தொண்டை கட்டியிருக்கேன்னு கொடுத்தா அதுக்கும் சந்தேகமா? உங்க நிழல் பின்னாடி வந்தாக்கூட யார் அனுப்பினாங்கன்னு கேப்பீங்க" என்று சொல்லிவிட்டு, இரண்டு நாளாகத் தேன் பாட்டிலைப் பூட்டி வைத்திருக்கிறாள். பூட்டும் என் கடைப் பூட்டுத்தான். உங்களையும் கொஞ்சம் சந்தேகப்பட்டேன், தவறாக நினைக்க வேண்டாம், போனை எடுத்திருந்தால் பட்டிருக்க மாட்டேன். அண்ணனுக்கு வேலை அதிகம் என்கிறாள் உங்கள் தங்கை. எதிர்க்கட்சியில் என்ன மச்சான் அவ்வளவு வேலை?

நேற்று தையல்காரர் தடுப்புப் பலகையைத் தட்டினார். "விசாரணைக்கு வேணும்னா நான் சாட்சி சொல்றேன். நானும்தான் கத்தினேன்" என்றார். "நீங்க எதுக்கு எனக்காகச் சாட்சி சொல்லணும்?" என்று கேட்டேன். பலகை இடுக்கில் வாயை வைத்தார். பிறகு, "எங்க கட்சியில வாழ்க மட்டும்தான் சொல்லணும். அன்னைக்குத்தான் வாழ்க்கையில முதல்தடவை வாய்விட்டு ஒழிகன்னு சொன்னேன். நல்லாயிருந்துச்சு" என்றார். இதில் என்ன சூது இருக்கிறது என்று நேற்றிலிருந்து யோசிக்கிறேன், இன்னும் பிடிபடவில்லை.

மச்சான், உங்களிடம் மறைக்க ஒன்றும் இல்லை. வீட்டில் நான் ஒரு பேச்சுப் பேசினால் திரும்பிப் பார்க்க ஆள் கிடையாது. கடைக்கு வருகிறவர்கள் சாவியைத்தான் பார்ப்பார்கள், என்னைப் பார்க்க மாட்டார்கள். மைதானத்தில் மட்டும்தான் நான் ஒரு வார்த்தை சொன்னால் அத்தனை பேரும் அதையே திருப்பிச் சொல்லுவார்கள். அது போய்விட்டால் நான் யார்? நினைத்தால் அழுகையாக வருகிறது, வந்துவிட்டது, மேலே மை கலைந்திருப்பது அதனால்தான், வேறு யாரும் தண்ணீர் தெளித்து அழிக்கப் பார்த்ததாக எண்ண வேண்டாம். தலைவரிடம் ஒன்றே ஒன்று எடுத்துச் சொல்லுங்கள். நாடெல்லாம் தேடிய ஒற்றுமை அவருக்கு எங்கேயாவது கிடைத்ததா? நம்ம ஆளும் அவங்க ஆளும் ஒரே குரலா ஒண்ணு சொன்னாங்கன்னா அது அந்த மைதானத்துலதான், அதுவும் என் தொண்டையாலதான். அதுக்கா எனக்குத் தண்டனை? நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் அவர் தட்ட மாட்டார். உங்களைத்தான் மலைபோல் நம்பியிருக்கிறேன். இந்த உலகத்தில் நான் சந்தேகப்படாத ஒரே மனிதர் நீங்கள்தான், மேலே எழுதிய அந்த ஒரு இடம் தவிர.

அக்காவுக்கு என் வணக்கம். பெரியவள் பரீட்சையில் தேறியதாகக் கேள்விப்பட்டோம், சின்னவனும் அவளைப் போலவே படித்து முன்னுக்கு வரட்டும், இரண்டு பேரும் நீண்ட ஆயுளோடு, அரசியல் பக்கமே தலைவைத்துப் படுக்காமல், சௌக்கியமாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
என்றும் மாறாத நம்பிக்கையுடன்,
உங்கள் தங்கையின் வீட்டுக்காரன்

பின்குறிப்பு: கவரை ஒட்டப் பசையை எடுக்கும்போது தையல்காரர் செருப்புக்கூடப் போடாமல் ஓடிவந்தார். ரேடியோவில் சொன்னார்களாம், நம் தலைவர் இன்று காலையில் தேச ஒற்றுமை அரசில் மந்திரியாகப் பதவி ஏற்றுவிட்டார், இரண்டு கட்சியும் ஒன்றாகிவிட்டது. ஆக விசாரணை கிடையாது. என்னை நீக்க வேண்டுமென்றாலும் இப்போது கட்சி இல்லை. பகுதிக்கு இனி ஒரே ஒரு செயலாளர், அது நானும் இல்லை, தையல்காரரும் இல்லை, டோக்கன்காரர். மந்திரிக்குத் தனி ஆலோசகர் யார் என்பதையும் ரேடியோவில் சொன்னார்கள். வாழ்த்துக்கள் மச்சான். சந்தேகப்பட்டதற்கு மன்னிப்புக் கேட்டு ஒரு பாரா எழுதலாம் என்று இருந்தேன், எழுதாதது நல்லதாகப் போயிற்று. மேலே கேட்ட உதவி எதுவும் வேண்டாம். நாங்கள் புதிதாக ஒரு எதிர்க்கட்சி ஆரம்பித்துவிட்டோம். உறுப்பினர்கள் நானும் தையல்காரரும். தலைவர் அவர், தொண்டை நான். முதல் தீர்மானம் உங்களைக் கண்டித்துத்தான், உங்கள் தங்கை அதை வழிமொழிந்தாள். தடுப்புப் பலகையைக் கழற்றிவிட்டோம். எனக்குச் சட்டைக்கு அளவெடுத்தார், இரண்டு கையையும் சேர்த்துத்தான் அளந்தார். நானும் அவர் கடைக்கு ஒரு நல்ல பூட்டு, எல்லாச் சாவிகளோடும் கொடுத்துவிட்டேன். இதுவரை ஒரு சண்டை இல்லை, ஒரு முணுமுணுப்பு இல்லை, நானும் அவரும் அவ்வளவு ஒற்றுமையாக இருக்கிறோம். எனக்கு அதுதான் சந்தேகமாக இருக்கிறது.