உப்புத் தண்ணீர்ப் பேச்சுவார்த்தை

அலமாரியின் மேல்தட்டைத் தருவேன், உள்ளே ஓர் அங்குலம்கூடத் தர மாட்டேன் என்று தீர்மானம் போட்டேன். ஏகமனதாக நிறைவேறியது. கூட்டத்தில் நான் ஒருவன்தான் இருந்தேன்.

அது சாதாரண அலமாரி அல்ல. இடுப்பு உயரம், இரட்டைக் கதவு, யானை ஏறினாலும் முனகாத மரம். எங்கள் சங்க அலுவலகத்துக்குப் பூட்டு விழுந்த அன்று நானும் மூன்று தோழர்களும் தூக்கி வந்தது. அந்த மூவரில் ஒருவர் இன்று ஒப்பந்தக்காரர். ஒருவர் பழைய முதலாளிக்குச் சம்பந்தி. மூன்றாமவர் என்னைத் தெருவில் கண்டால் பக்கத்துக் கடைக்குள் நுழைந்து, வேண்டாத பொருளுக்கு விலை கேட்பார். அலமாரி ஒன்றுதான் இன்னும் அணி மாறவில்லை. சங்கம் இருந்த காலத்தில் அதை ஆலை வாசலுக்கு இழுத்து வந்து, மேலே ஏறி நின்றுதான் பேசுவேன். 'ஒலிபெருக்கி' என்று பட்டம் வாங்கியதும் அங்கேதான். உள்ளே கட்டுக் கட்டாகப் பிரசுரங்கள். நான் படித்து ஆளானவை பாதி. நான் எழுதி எவனும் ஆளாகாதவை மீதி.

வம்பு இப்படித்தான் ஆரம்பித்தது.

"கடல் மீன் தொட்டி ஒண்ணு வைக்கணுங்க" என்றாள் மனைவி.

"இப்ப எதுக்கு?"

"டாக்டர் மணல்ல நடக்கவே கூடாதுன்னுட்டார். முட்டி போயிடுமாம். நான் கடலுக்குப் போக முடியாது. கடல் இங்க வரட்டும்."

நாற்பது வருஷம் மேடை ஏறியவன், ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அந்தக் காலத்தில் வாசல் கூட்டம் முடியும்போது கடைசி வரிசையில் இவள் நிற்பாள். கையில் தேநீர்க் கூஜா. இருவரும் அலைதடுப்புக் கற்களில் போய் உட்காருவோம். சற்று முன் ஊருக்குப் பேசியதை நான் இவளுக்கு மறுபடியும் பேசுவேன். இவள் அலையைப் பார்த்தபடி 'ம்' கொட்டுவாள். உப்புக் காற்றில் கூஜா மூடி துருப்பிடித்துவிடும், திருகித் திறக்க நான்தான் வேண்டும். "வேலைநிறுத்தம் ஜெயிக்கட்டும், கடலைப் பார்த்த மாதிரி வீடு எடுக்கிறேன்" என்று ஒருநாள் வாக்குக் கொடுத்தேன். வேலைநிறுத்தம் ஜெயிக்கவில்லை. ஆலையை மூடிவிட்டார்கள். இன்று எங்கள் ஜன்னலில் தெரியும் ஒரே நீர்நிலை, பக்கத்து வீட்டு மாடித் தொட்டி.

கோரிக்கை நியாயமானது. கொள்கை அளவில் ஏற்றேன்.

"எங்க வைப்ப?"

"உங்க சாய்வு நாற்காலி கிடக்குற இடத்துல."

"நாற்காலியா! ஜன்னலோரம் அது ஒண்ணுதான் எனக்கு மிச்சம்!"

"அப்ப கடல் வேணாம். விடுங்க."

அந்த 'விடுங்க'வில் அலைதடுப்புக் கல் அத்தனையும் என் நெஞ்சில் ஏறியது. "அலமாரி மேல வெச்சுக்கோ. என்னையே தாங்குனது. ஆனா மேல மட்டும்தான். உள்ள கை வைக்கக் கூடாது!" என்றேன். நாற்காலி தப்பியது. அதற்குப் பிறகுதான் நான் மேற்சொன்ன தீர்மானம்.

மறுநாள் மீன் தொட்டிக் கடைக்குப் போனோம். கடைக்காரர் உற்சாகமான மனிதர். தொட்டியைப் பற்றி ஒரு வார்த்தைதான் பேசினார். மிச்சமெல்லாம் ஃபில்டரைப் பற்றியே.

"கடல் தண்ணிக்கு ஃபில்டர்தான் சார் உயிர். மீன் தின்னுறதும் கழிக்கிறதும் அதே தண்ணியில. இத பாருங்க, ஸ்கிம்மர். பொடிப் பொடியாக் காத்துக் குமிழ் விடும். அழுக்கெல்லாம் நுரையோட ஒட்டிக்கிட்டு மேல வரும். இந்தக் கப்புல சேர்ந்ததும் எடுத்துக் கொட்டிடலாம்."

நான் அதை ஏக்கத்தோடு பார்த்தேன். எங்கள் சங்கத்துக்கு இப்படி ஒன்று வாய்க்கவில்லை. மேலே வந்த நுரையை எல்லாம் நாங்கள் நிர்வாகக் குழுவில் சேர்த்துக்கொண்டோம்.

"எல்லாத்துலயும் நல்லது சம்ப். தொட்டிக்கு அடியில இன்னொரு தொட்டி. மேல இருந்து தண்ணி குழாய்ல இறங்கும், கீழ சுத்தமாகும், மோட்டார் திருப்பி ஏத்தும். ஸ்கிம்மர், ஹீட்டர் எதுவும் வெளிய தெரியாது."

"தலைமறைவு இயக்கம்!" என்றேன் மெய்சிலிர்த்து. பிறகு சந்தேகம் வந்தது. "அடியிலன்னா எங்க?"

"அலமாரிக்குள்ளதான் சார்."

"வேற காட்டுங்க."

கேனிஸ்டர் ஃபில்டர் என்று ஒன்றைக் காட்டினார். மூடி போட்ட வாளி மாதிரி இருந்தது. இரண்டு குழாய் நீட்டிக்கொண்டிருந்தது. அலமாரிக்குப் பக்கத்தில் தரையில் வைத்தால் போதுமாம். ஸ்கிம்மரைத் தொட்டியின் விளிம்பில் மாட்டிக்கொள்ளலாமாம்.

"இதுதான் முடிவு!" என்றேன்.

கடைக்காரர் என் மனைவியைப் பார்த்தார். அவள் ஒரு மஞ்சள் மீனைப் பார்த்தாள்.

வீடு திரும்பும் வழியெல்லாம் வாதங்களை அடுக்கினேன். அவள் கேனிஸ்டரை எதிர்ப்பாள், நான் நொறுக்குவேன். செருப்பைக் கழற்றியதும் தொண்டையைக் கனைத்தேன்.

"நல்ல யோசனைங்க. கேனிஸ்டரே வாங்கிடுவோம்" என்றாள்.

தூக்கிவாரிப்போட்டது.

எனக்கு ஆயுள் முழுக்க ஒரே விதி. முதலாளி சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட வந்தால், பேனாவைப் பிடுங்கு. எதிர்த்தரப்பு எதற்குத் தலையாட்டுகிறதோ அதில் சூது இருக்கிறது. எதை வேண்டாம் என்கிறதோ, நமக்கு வேண்டியது அதுதான்.

"ஏன், சம்ப் வேணாமா?"

"ஐயோ, சம்ப் எதுக்குங்க? உங்க பிரசுரமெல்லாம் எங்க போகும், பாவம்!"

இவளாவது, என் பிரசுரத்துக்குப் பாவம் பார்ப்பதாவது!

"கேனிஸ்டர்ல என்ன மர்மம்? மறைக்காம சொல்லு."

"மர்மம் என்ன? அப்பப்ப கழட்டி, உள்ள தேங்குற சேற்றைக் கழுவணுமாம். இல்லன்னா தண்ணி கெட்டுடுமாம்."

"யார் கழுவுறது?"

"ஆணும் பொண்ணும் வீட்டு வேலையைப் பாதிப் பாதி பிரிச்சுக்கணும்னு நீங்கதானே எழுதினீங்க. சமையல் என் பாதி."

அகப்பட்டது சதி! இந்தப் பாதிக் கணக்கைக் காட்டி முதுமைக் காலத்தில் என்னை மீனுக்குத் துப்புரவுத் தொழிலாளி ஆக்கும் திட்டம்! எழுந்தேன். மேடை இல்லை, ஆனால் குரல் இருந்தது.

"முடியாது! சம்ப்தான் வேணும்!"

"வேணாம்ங்க."

"வேணும்! ஸ்கிம்மர் உள்ள இருக்கணும்! தண்ணி அளவு கூடணும்! மீன்களின் சுகாதாரம் என்ன ஆவது?"

"உங்க பிரசுரம்..."

"பரணுக்குப் போகட்டும்!"

"மனசு மாறிட மாட்டீங்களே?"

"ஒலிபெருக்கி சொன்ன சொல்லை மாத்தினதா சரித்திரமே கிடையாது!"

"சரிங்க. இவ்வளவு பிடிவாதமா இருக்கீங்க. நான் என்ன செய்ய முடியும்?" என்று அடுப்படிக்குள் போனாள். தோற்றவர்கள் பாட்டு முணுமுணுக்க மாட்டார்கள். வெற்றி மயக்கத்தில், அவள் முணுமுணுத்தது எனக்கு உறைக்கவில்லை.

பிரசுரங்களை நானே பரணில் ஏற்றினேன். அவள் ஏணியைப் பிடித்துக்கொண்டாள். பரண் பெருக்கித் துடைத்துப் பளிச்சென்று இருந்தது. அப்போதாவது யோசித்திருக்க வேண்டும். ஒரு கட்டைப் பிரித்ததும் பழைய மையின் வாசனை வந்தது, மழையில் நனைந்து காய்ந்த அதே வாசனை. கைக்குழல் ஒலிபெருக்கியும் கிடைத்தது.

"அது கீழயே இருக்கட்டும். மீனைச் சாப்பிடக் கூப்பிடலாம்" என்றாள்.

மறுநாள் காலை கடைக்காரர் எல்லாவற்றையும் வண்டியில் கொண்டுவந்துவிட்டார். கண்ணாடி சம்ப்பை அலமாரிக்குள் தள்ளினார். கதவிலும் இடிக்கவில்லை, சுவரிலும் உரசவில்லை. உறைக்குள் வாள் போல் உட்கார்ந்தது. குழாய் இறங்க மேல்தட்டில் போட வேண்டிய துளைக்கு அளவு வரைந்த தாள்கூடத் தயாராக இருந்தது.

"அளவே எடுக்கலையே, எப்படி இவ்வளவு பாந்தமா..."

"அம்மா போன வாரமே அளவு குடுத்துட்டாங்களே சார். கண்ணாடி வெட்டி ஒட்டிக் காய நாள் ஆகுமில்ல?"

அவர் உப்புக் கரைத்த தண்ணீரை ஊற்றினார். கற்களை அடுக்கினார். மீன் இப்போது கிடையாதாம். முதலில் அந்தக் கற்களில் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் பெருக வேண்டுமாம். தொண்டர் முதலில், தலைவர் பிறகு. அந்த ஏற்பாட்டில் எனக்கு ஆட்சேபம் இல்லை. மோட்டாரைப் போட்டார். தண்ணீர் குழாயில் சலசலவென்று இறங்கியது. கண்ணை மூடினால் அலைதடுப்புக் கல்.

அவர் போன பிறகு தொட்டிக்கு முன்னால் போய் நின்றேன்.

"யார்கிட்ட கத்துக்கிட்ட இந்த வித்தையை எல்லாம்?"

"ஆலை வாசல்லதான். 'அவன் வேணாம்னா நமக்கு வேணும்'னு தொண்டை கிழியக் கத்துவீங்களே. கூட்டத்துல வேற யாரும் அதைக் காதுல வாங்கின மாதிரி தெரியல."

என் கொள்கைக்கு ஒரு வாரிசு! கடைசி வரிசையில் நின்றவள்! கையை உயர்த்தி, "தோழரே..." என்று ஆரம்பித்தேன்.

அப்போதுதான் குரல் வந்த இடத்தைக் கவனித்தேன். ஜன்னலோரம், என் சாய்வு நாற்காலியில், முட்டிக்கு அடியில் தலையணை வைத்துக் காலை நீட்டிச் சாய்ந்திருந்தாள்.

"கொஞ்சம் தள்ளி நில்லுங்க. கடலை மறைக்கிறீங்க."